வெளிச்சம் மட்டும் போதாது, நடுவர் அவர்களே

நடுவர் அவர்களே, மண்டபம் கடற்கரையில் வாடைக் காற்றிலும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம். புற்றுநோய் ஆய்வில் எலிகளுக்குப் பெட் ஸ்கேன் என்கிற மூலக்கூறு படம் மட்டுமே போதும், எக்ஸ்ரேயால் உடலமைப்பைக் காட்டும் சிடி ஸ்கேன் வீண் செலவு என்று பேசி அமர்ந்திருக்கிறார் எதிரணி அண்ணன். இரண்டும் சேர வேண்டும் என்பது எங்கள் கட்சி.

ராத்திரி பாம்பன் பாலத்தில் நின்று தெற்கே பாருங்கள். ஒரு படகு விளக்கு தெரியும். அது குருசடைத் தீவுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா? வெளிச்சத்தை வைத்து மட்டும் சொல்ல முடியாது. பெட் ஸ்கேனும் அப்படித்தான். புளோரின்-18 என்ற கதிரியக்கப் பொருள் சேர்த்த சர்க்கரையை எலிக்கு ஊசியில் ஏற்றினால், சர்க்கரையை அதிகம் இழுக்கும் இடமெல்லாம் ஒளிரும். கட்டி ஒளிரும், சரி. மூளையும் இதயமும் ஒளிரும். சிறுநீர்ப்பையும் ஒளிரும். எலிக்குக் குளிரெடுத்தால், தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ள பழுப்புக் கொழுப்புகூடப் பளிச்சென்று தெரியும். அதைக் கட்டி என்று எழுதிவிட்டால் அந்த ஆய்வு என்ன ஆகும்?

அனுபவசாலிக்கு இடம் பார்த்ததும் பிடிபட்டுவிடும் என்றார் அண்ணன். சரி, இடத்தை விடுவோம். அளவுக்கு என்ன செய்வார்? எலியே 25 கிராம்தான் இருக்கும். அதன் கட்டி சில மில்லிமீட்டர். எலிக்கென்றே செய்த பெட் கருவிகள்கூடப் பொதுவாக 1 முதல் 2 மில்லிமீட்டர் வரைதான் பிரித்துக் காட்டும். கட்டி அந்த அளவை நெருங்கிச் சிறுத்தால், அதன் ஒளி சுற்றிலும் கசிந்து, உள்ளதைவிட மங்கலாகத் தெரியும். இப்போது ஒரு புது மருந்து கொடுக்கிறோம், இரண்டு வாரத்தில் ஒளி பாதியாகிவிட்டது என்று வையுங்கள். செல்களின் பசி அடங்கிவிட்டதா? இல்லை, பசி அப்படியே இருக்க, கட்டி சிறுத்ததால் மட்டும் மங்கலாகத் தெரிகிறதா? மருந்து எப்படி வேலை செய்கிறது என்பதே இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. கட்டியின் அளவை உடலமைப்புப் படத்தில் அளந்து, ஒளியின் கணக்கைத் திருத்தினால்தான் பதில் கிடைக்கும்.

சிடியை வேறொரு நாள் தனியாக எடுக்கலாமே என்றும் கேட்டார். எலியைத் தூக்கி மாற்றிப் படுக்கவைத்தால் குடலும் இரைப்பையும் நகர்ந்துவிடும், இரண்டு படமும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தாது. அதனால்தான் டேவிட் டவுன்செண்ட், ரான் நட் என்ற இரண்டு விஞ்ஞானிகள் இரண்டு கருவிகளையும் ஒன்றாக இணைத்தார்கள். மனிதர்களுக்கான அந்த முதல் பெட்-சிடி, 1998-ல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் இயங்கத் தொடங்கியது. எலிக்கும் அதே வழிதான்: ஒரே மயக்கம், ஒரே படுக்கை, இரண்டு படம்.

எனக்கு மனதில் தைப்பது இன்னொன்று. முன்பெல்லாம் கட்டி உள்ளே எப்படி வளர்கிறது என்று பார்க்க, ஒவ்வொரு கட்டத்திலும் சில எலிகளைக் கொன்று அறுப்பார்கள். இப்போது ஒரே எலியை வாரக்கணக்கில் தொடரலாம். ஆய்வில் விலங்குகளின் எண்ணிக்கையைக் குறையுங்கள், வலியைக் குறையுங்கள் என்று ரஸ்ஸல், பர்ச் என்ற இரண்டு ஆங்கிலேய விஞ்ஞானிகள் 1959-லேயே எழுதினார்கள். படம் தெளிவாக இருந்தால்தான் குறைந்த எலிகளை வைத்து ஒரு முடிவுக்கு வர முடியும்.

எக்ஸ்ரே கதிர் திரும்பத் திரும்பப் பட்டால் அதுவே கட்டியைப் பாதிக்காதா என்றாரே, அது நியாயமான கேள்வி. கதிரின் அளவைக் குறைத்து எடுக்கலாம். அதுவும் ஒத்துவராத ஆய்வுக்கு, எக்ஸ்ரேயே இல்லாத எம்ஆர்ஐ இருக்கிறது. அதுவும் உடலமைப்புப் படம்தான், அண்ணே.