வெள்ளம் வடிந்த பின் பயிரிடம் மிஞ்சியிருப்பது என்ன?

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

வறட்சி, வெள்ளம், உவர், வெப்பம் ஆகிய இடர்களைப் பயிர்கள் எவ்வாறு தாங்குகின்றன என்று பேசுமாறு பணித்திருக்கிறீர்கள். நான்கையும் ஒரே அளவில் பேச இந்த ஒரு மாலைப்பொழுது போதாது. ஆகவே, என் ஆய்வுக் காலத்தின் பெரும்பகுதி எதன் அருகில் கழிந்ததோ அந்த நீர்த்தொட்டியிலிருந்தே தொடங்குகிறேன்.

அது இடுப்பளவு ஆழமுள்ள சிமெண்ட் தொட்டி. இளம் நெல் நாற்றுகளைத் தட்டுகளில் வரிசையாக வைத்து, அவற்றின் நுனியும் வெளியே தெரியாதபடி நீரை நிரப்பி, 14 நாட்கள் அப்படியே விட்டுவிடுவோம். நீரைத் திறந்துவிடும் காலையில் தொட்டியை எட்டிப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் தவறான நாற்றையே மெச்சுவார்கள். ஒரு வரிசையில் இலைகள் நீண்டு, வளர்ந்து, மேற்பரப்பை எட்ட முயன்றது போலத் தெரியும். பக்கத்து வரிசை வளர்ச்சியே இல்லாமல் குட்டையாக நிற்கும். நீர் இறங்க இறங்க நீண்ட இலைகள் ஈர நூலைப் போலத் துவண்டு சேற்றில் படிந்துவிடும். அந்தத் தண்டின் அடிப்பகுதியை விரல்களுக்கிடையே வைத்து அழுத்தினால் உள்ளே ஒன்றுமில்லாதது போல நசுங்கும். குட்டையாக நின்ற நாற்றின் அடித்தண்டோ உறுதியாக இருக்கும். சில நாட்களில் அதன் நடுவிலிருந்து பச்சைச் சுருளாக ஒரு புதிய இலை எழும். அந்த இலை வந்தால்தான் எங்கள் பதிவேட்டில் அந்த நாற்றைப் பிழைத்தது என்று எழுதுவோம்.

ஏன் இப்படி நிகழ்கிறது? காற்றில் பரவுவதைவிட நீரில் வாயுக்கள் ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகவே பரவுகின்றன. மூழ்கிய பயிருக்கு ஆக்சிஜனும் கரியமில வாயுவும் உள்ளே வருவது அரிதாகிவிடும். அதே வேளையில் பயிர் தானே உண்டாக்கும் எத்திலீன் வாயு வெளியேற வழியின்றி திசுக்களுக்குள் சேர்ந்துவிடும். இந்த எத்திலீன்தான் நாம் நீருக்கடியில் இருக்கிறோம் என்று பயிருக்கு அறிவிக்கும் செய்தி. அச்செய்தி ஜிப்பரலின் என்னும் வளர்ச்சி ஊக்கியின் வேலையைத் தூண்ட, பயிர் தன் சேமிப்பிலுள்ள மாவுச்சத்தையும் சர்க்கரையையும் செலவிட்டு மேல்நோக்கி நீளத் தொடங்குகிறது. ஆழ்நீர் நெல்லுக்கு இந்தச் செலவு நல்ல முதலீடு. மாதக்கணக்கில் நீர் நிற்கும் தாழ்நிலங்களில் அது ஒரே நாளில் 20 முதல் 25 சென்டிமீட்டர் வரை நீண்டு, தலையை வெளியே நீட்டி மூச்சு விடுகிறது. இதற்குக் காரணமான இரண்டு மரபணுக்களை 2009ஆம் ஆண்டில் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டறிந்து, நீரில் மூழ்கியிருப்போர் மூச்சுவிடப் பயன்படுத்தும் குழாயின் பெயரான ஸ்நார்க்கல் என்பதையே அவற்றுக்குச் சூட்டினார்கள். ஆனால் திடீரென வந்து இரண்டு வாரத்தில் வடிந்துவிடும் வெள்ளத்தில் இதே வளர்ச்சி பயிரைக் கொன்றுவிடும். நீர் வடியும் நாளில் அதனிடம் மீண்டெழச் சர்க்கரை இருக்காது.

ஒடிசாவின் நாட்டு நெல்லிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட எஃப்.ஆர்.13ஏ என்ற இரகம் இதற்கு நேர் எதிரான வழியைக் கொண்டது. மூழ்கியவுடன் அது வளர்ச்சியை நிறுத்தி, சேமிப்பைக் காத்துக்கொண்டு காத்திருக்கிறது. விளைச்சலிலும் அரிசித் தரத்திலும் அது பின்தங்கிய இரகம். வெறும் விளைச்சல் கணக்கைப் பார்த்திருந்தால் யாரும் அதைச் சீந்தியிருக்க மாட்டார்கள். அந்தப் பண்புக்குக் காரணமான சப்1ஏ என்ற மரபணு 9ஆம் குரோமோசோமில் இருப்பதை 2006ஆம் ஆண்டில் கெனாங் சூ, பமேலா ரொனால்ட், டேவிட் மேக்கில் உள்ளிட்ட குழுவினர் விளக்கினார்கள். அதுவும் எத்திலீன் செய்திக்குச் செவிசாய்க்கும் குடும்பத்தைச் சேர்ந்த மரபணுவே. ஸ்நார்க்கல் மரபணுக்களுக்கு உறவு. ஒரே குடும்பத்தில் ஒன்று ஓடு என்கிறது, மற்றொன்று அசையாதே என்கிறது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் என்னை வியக்கவைக்கும் உண்மை இது.

பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் வளர்ப்பாளர்கள் மரபணு இருக்கும் இடத்தைக் காட்டும் குறியீடுகளின் துணையோடு, கலப்பில் பிறந்த பயிரைத் திரும்பத் திரும்ப ஸ்வர்ணாவோடே சேர்க்கும் பின்கலப்பைச் செய்து, உழவர்கள் ஏற்கனவே விரும்பிப் பயிரிட்டுவந்த அந்த இரகத்துக்குள் சப்1ஏ இருக்கும் சிறு பகுதியை மட்டும் கொண்டுசென்றார்கள். ஸ்வர்ணா-சப்1 என்ற அந்த இரகம் 2009ஆம் ஆண்டில் இந்தியாவில் வெளியிடப்பட்டது. வெள்ளம் வராத ஆண்டில் அது ஸ்வர்ணாவைப் போலவே விளைகிறது என்பதே அதன் பெரும் சிறப்பு என்று நான் கருதுகிறேன்.

ஆனால் இதையும் எல்லா வெள்ளத்துக்கும் மருந்தாகக் கொள்ளக் கூடாது. பருவம் முழுவதும் அரைகுறையாக நீர் தேங்கும் வயலில் அசையாமல் நிற்கும் பயிருக்கு நன்மை இல்லை. அங்கே உயரம்தான் தேவை. விதைத்தவுடன் மூழ்கும் விதைக்கும் இந்த மரபணு துணை நிற்காது. அது வேறு சிக்கல், வேறு மரபணுக்களின் வேலை. எனவே, ஓர் இரகத்தை வெள்ளம் தாங்கும் இரகம் என்று எவரேனும் சொன்னால், எந்த வெள்ளம், எத்தனை நாள், எந்தப் பருவத்தில் என்று கேளுங்கள்.

வறட்சியிலும் இதே கணக்குதான். வேர் உறிஞ்சும் நீரில் 95 விழுக்காட்டுக்கும் மேல் இலைத்துளைகள் வழியே ஆவியாகிவிடுகிறது. மண் காயும்போது பயிரில் அப்சிசிக் அமிலம் என்னும் ஊக்கி பெருகுகிறது. இலைத்துளையின் இருபுறமும் உள்ள காப்புச் செல்கள் அதை உணர்ந்து, தமக்குள் இருக்கும் உப்பு அயனிகளை வெளியேற்றி, நீரிழந்து தளர, துளை மூடிக்கொள்கிறது. நீர் மிச்சமாகிறது. ஆனால் கரியமில வாயு நுழைவதும் அதே துளை வழியாகத்தான்; மூடிய இலை உணவு சமைப்பதில்லை. தொட்டிச்செடிக்கு நீரை நிறுத்தி, அது சாகும் தறுவாயில் மீண்டும் நீரூற்றி, எத்தனை செடிகள் பிழைத்தன என்று எண்ணி, அதையே வறட்சி தாங்கும் திறன் என்று அறிவிக்கும் ஆய்வுகளில் எனக்கு உடன்பாடு இல்லை. நானும் அப்படி எண்ணியவன்தான். வயலில் உழவர் பிழைத்த செடியை எண்ணுவதில்லை, கதிரைத்தான் எண்ணுகிறார் என்று பிறகே உணர்ந்தேன்.

இந்தக் காரணத்தால்தான் வேரைப் பற்றிய ஆய்வை நான் பெரிதும் மதிக்கிறேன். ஐ.ஆர்.64 நெல்லின் வேர்கள் மேலோட்டமாகப் பக்கவாட்டில் பரவும். கினான்டாங் படோங் என்ற பிலிப்பைன்ஸ் இரகத்தில் இருந்த டி.ஆர்.ஓ.1 என்ற மரபணுவை அதற்குள் செலுத்தியபோது, வேர்கள் கீழ்நோக்கி வளைந்து ஆழமான ஈரத்தை எட்டின. வறட்சியிலும் நெல்மணிகள் நிரம்பின. 2013ஆம் ஆண்டில் ஜப்பானிய ஆய்வாளர் உகாவும் அவர் குழுவினரும் வெளியிட்ட ஆய்வு இது. இலைத்துளையை மூடாமலே நீர் கிடைப்பதால், விளைச்சலை விலையாகக் கொடுக்க வேண்டிய தேவை குறைகிறது.

உவரைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். இலையில் சோடியம் சேராமல் தடுப்பதே அங்கு முதன்மையான வழி. வேரில் உள்ள ஒரு கடத்திப் புரதம், மேலே ஏறும் நீரோட்டத்திலிருந்து சோடியத்தை மீட்டெடுத்து வேரிலேயே இருத்திவிடுகிறது. பழங்கால உறவுக் கோதுமை ஒன்றிலிருந்து இப்பண்பை துரும் என்னும் கோதுமை வகைக்கு மாற்றிய ஆஸ்திரேலிய ஆய்வில், உவர் வயலில் விளைச்சல் 25 விழுக்காடு கூடியது என்று 2012ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள்.

வெப்பத்தில் சில மணி நேரமே எல்லாவற்றையும் தீர்மானித்துவிடும். நெற்பூ திறந்திருப்பது ஏறத்தாழ ஒரு மணி நேரம். அந்த நேரத்தில் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தம் சரியாக உதிராமல் பூ பதராகிவிடும். முன்பும் பின்பும் பயிர் எவ்வளவு செழிப்பாக இருந்தாலும் அந்தப் பதர் நிரம்பாது. ஒரைசா அஃபிசினாலிஸ் என்ற காட்டுநெல் விடியலின் குளிர்ச்சியிலேயே பூத்துவிடுகிறது. அப்பண்பைப் பயிர் நெல்லுக்குள் கொண்டுவந்த வளர்ப்பாளர்கள், வெப்பத்தை எதிர்க்கச் செய்யாமல் வெப்ப நேரத்தைத் தவிர்க்கச் செய்திருக்கிறார்கள்.

இவை ஒவ்வொன்றும் தனித்தனி இடருக்கான விடை. வயலில் இடர்கள் சேர்ந்தே வருகின்றன. வறட்சியில் இலைத்துளை மூடியதும் ஆவியாதலால் கிடைத்த குளிர்ச்சி போய், இலை சுற்றியுள்ள காற்றைவிடச் சூடாகிறது. நீரைச் சேமிக்கும் அதே செயல் பூக்கும் வேளையில் வெப்பத்தைக் கூட்டிவிடுகிறது. இவ்விரண்டையும் ஒருசேரத் தரும் சோதனைகளை இப்போது வடிவமைத்துக்கொண்டிருக்கிறோம். அவற்றில் பிழைத்த செடிகளின் எண்ணிக்கையைத் தனியாகவும், நிரம்பிய நெல்மணிகளின் எண்ணிக்கையைத் தனியாகவும் பதிவுசெய்யப் போகிறோம்.