சின்ன வெங்காயத்தில் எதை முதலில் ஆராயச் சொல்லலாம்?

அடுத்த கேள்வி பெரம்பலூர் மாவட்டம், ஆலத்தூர் பக்கத்திலிருந்து ஒரு அக்கா கேட்டிருக்கிறார். "காய்கறி ஆராய்ச்சியில் எதற்கு முதலிடம் தரலாம் என்று ஒரு கூட்டத்தில் எங்களிடம் கேட்டார்கள். எல்லாரும் அதிக மகசூல் ரகம் என்றார்கள். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்?"

அக்கா, என்னைக் கேட்டால் மகசூல் பிறகுதான். முதலில் விதை. ஏக்கருக்கு 400 முதல் 600 கிலோ வரை விதை வெங்காயம் ஊன்றுகிறோம். விலை ஏறிக் கிடக்கும் பட்டத்தில் அதை வாங்கி நடுகிறவருக்கு, முளை வருவதற்கு முன்பே கடன் வந்துவிடுகிறது. போதாததற்கு, அழுகல் பூசணமும் அந்த வெங்காயத்தோடேயே வயலுக்குள் நுழைகிறது. அப்புறம் மருந்து அடித்து என்ன பயன்?

விதை தூவி நாற்று விடுகிற ரகம் இல்லையா என்றால், இருக்கிறது. கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 5 சமவெளியிலும் நன்றாகப் பூத்து விதை பிடிக்கும். மூட்டைக் கணக்கில் வாங்கியது கிலோக் கணக்காகிவிடும். ஆனால் நாற்றங்காலுக்கே 40 நாள் போகும். ஊன்றிய வெங்காயமோ 70 நாளில் கைக்கு வந்துவிடும். மானாவாரிக்காரருக்கு அந்த நாள் கணக்குதான் முக்கியம். ஆக, சீக்கிரம் விளைகிற, விதையில் வருகிற ரகம் வேண்டும் என்று கேளுங்கள். நிறமும் காரமும் நம் நாட்டு வெங்காயம் போலவே இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இரண்டாவது, பட்டறை, அதாவது அறுத்த வெங்காயத்தை அடுக்கிக் கீற்றால் மூடி வைக்கிற இடம். அடைமழைக்குப் பிறகு கீற்றை விலக்கும்போது வருமே ஒரு நாற்றம், அது உங்களுக்குத் தெரியும். மேலே பார்த்தால் காய் சிவப்பாக, நல்லாத்தான் இருக்கும். கழுத்தில் விரலை வைத்தால் உள்ளே அமுங்கும். அடித்தட்டில் வெள்ளையாகப் பூசணம் படர்ந்திருக்கும். விளைந்து, அறுத்து, கூலியும் கொடுத்து முடித்த பிறகு போகிற வெங்காயம் அது. மகசூல் இரண்டு டன் கூடினாலும் பட்டறையில் அழுகினால் யாருக்கு லாபம்? பட்டறையின் உயரம், காற்றோட்டம், இலைத் தாளோடு அடுக்குவதா தாளை அரிந்து அடுக்குவதா, எல்லாவற்றையும் உங்கள் ஊர்ப் பட்டறையிலேயே வைத்துச் சோதிக்கச் சொல்லுங்கள்.

அடுத்த கூட்டத்துக்கு வெறுங்கையோடு போகாதீர்கள். இந்தப் பட்டத்தில் பட்டறையில் வைத்தது எத்தனை கிலோ, பிரித்தபோது தேறியது எத்தனை கிலோ, இரண்டையும் நிறுத்து ஒரு நோட்டில் எழுதி எடுத்துப் போங்கள். பக்கத்துக் காட்டுக்காரர்கள் நாலைந்து பேரையும் எழுதச் சொல்லுங்கள்.