நோக்கியா 3310 கீபேடுக்குள்ள கட்டைக் கணக்கு ஒளிஞ்சிருக்கு!

[திரையில்: இடது பக்கம் நோக்கியா 3310 கீபேட், வலது பக்கம் ஹார்மோனியம்]

கச்சேரி பாடுறவங்க "எனக்கு ஐந்தரை கட்டை"ன்னு சொல்லிக் கேட்டிருப்பீங்க. இப்ப ஒரு பழைய நோக்கியாவுல கம்போஸரை, அதாவது ரிங்டோனை நாமளே போடுற இடத்தை, திறங்க. 5-ஐ அமுக்குங்க, அடுத்து #. அவ்வளவுதான், ஐந்தரை கட்டை! நிஜமாவே அதே சுரஸ்தானம்.

வணக்கம் மக்களே. இன்னைக்குப் பார்க்கப் போறது, பழைய போன்ல ரிங்டோனை நாமளே ஒவ்வொரு பட்டனா அமுக்கி ஏத்துற வேலை.

வரலாறு வேணும்ங்கிறவங்களுக்கு ஒரே மூச்சுல: கம்போஸர் 1999-ல வந்த 3210-லயும் இருந்துச்சு, 2000-த்துல வந்த 3310-லயும் இருந்துச்சு. ரெண்டுலயும் ஒரு டோனுக்கு 50 நோட்டுதான். ஒரு நேரத்துல ஒரே ஒரு சுரம்தான் ஒலிக்கும். வரலாறு முடிஞ்சுது.

'மெனு'வுல 'டோன்ஸ்', அதுக்குள்ள 'கம்போஸர்'. காலியா ஒரு திரை வரும். 1-ல இருந்து 7 வரைக்கும் சுரங்கள். 1 சி, 2 டி, 3 இ, 4 எஃப், 5 ஜி, 6 ஏ, 7 பி.

இங்கதான் எனக்குப் புல்லரிக்குது. நம்ம ஊர்ல சுருதியை எப்படிச் சொல்றோம்? சி-ன்னா ஒரு கட்டை, டி-ன்னா ரெண்டு கட்டை, ஜி-ன்னா அஞ்சு, பி-ன்னா ஏழு. ஹார்மோனியத்தோட வெள்ளைக் கட்டைகளை வரிசையா எண்ணின கணக்கு அது. கருப்புக் கட்டைக்கு 'அரை'. ஒன்றரை, ரெண்டரை, நாலரை, ஐந்தரை, ஆறரை. போன்ல அந்த 'அரை'க்குத்தான் # பட்டன். இப்ப யோசிங்க, 'மூன்றரை கட்டை'ன்னு யாராச்சும் சொல்லிக் கேட்டிருக்கீங்களா? 'ஏழரை கட்டை'? (ஏழரைன்னா நமக்கு வேற ஆள்தான் ஞாபகத்துக்கு வருவார்.) கிடையாது, ஏன்னா அந்த இடத்துல கருப்புக் கட்டையே இல்ல. போன்லயும் 3-க்கும் 7-க்கும் # வேலை செய்யாது. பட்டன் ரிப்பேர்னு நினைச்சு போனைத் தட்டாதீங்க. பின்லாந்துக்காரங்க நம்ம வித்வான்களைக் கேட்டு வெச்சதில்ல. ரெண்டு பேரும் சி-யில இருந்து எண்ணினாங்க, பொருந்திப் போச்சு.

மிச்சப் பட்டன்கள்: 8 அமுக்கினா நோட்டோட நீளம் பாதியாகும், 9 அமுக்கினா இரட்டிப்பாகும். 0 மௌனம். * ஸ்தாயி (ஆக்டேவ்) மாத்தும். சுரப் பட்டனை விடாம அமுக்கிப் பிடிச்சா புள்ளி விழும், அதாவது ஒன்றரை மடங்கு நீளம். தப்பாப் போட்டா 'சி'ன்னு எழுதியிருக்கிற அழிக்கிற பட்டன் (சுரம் சி இல்ல), கர்சருக்கு இடப்பக்கம் இருக்கிற நோட்டை அழிச்சிடும்.

எல்லாரும் கோட்டை விடுற இடம் ஒண்ணு இருக்கு. திரையில '8#எஃப்2'-ன்னு தெரியும். முதல்ல நீளம், அப்புறம் #, அப்புறம் சுரம், கடைசியா ஸ்தாயி. ஆனா விரல் போற வரிசை வேற: சுரத்தை முதல்ல அமுக்கணும், அதுக்குப் பிறகுதான் 8, 9, #, * எல்லாம். இன்னொண்ணு, திரையில தெரியுற '8' எட்டில் ஒரு பங்கு நீளம்னு அர்த்தம். பட்டன் 8 வேற, அது வெறுமனே சுருக்கும். 8-ம் பட்டனை ரெண்டு தடவை அமுக்கினா நாலில் ஒரு பங்கு பதினாறில் ஒரு பங்காயிடும். காகிதத்துல எழுதி வெச்ச நோட்டை அப்படியே பட்டன்னு நினைச்சு அமுக்கினா, வர்ற சத்தத்துக்கு வீட்டு நாய்கூட எழுந்து போயிடும்.

அடுத்து, நீளமும் ஸ்தாயியும் ஒட்டிக்கும். ஒரு நோட்டைச் சுருக்கினா அதுக்கப்புறம் போடுற எல்லா நோட்டும் அதே நீளத்துல வரும். ஸ்தாயியும் அப்படித்தான். # மட்டும் ஒட்டாது, ஒவ்வொரு தடவையும் அமுக்கணும். ஸ்தாயி மொத்தம் மூணு. * அமுக்க அமுக்க 1, 2, 3, திரும்ப 1-ன்னு சுத்தும். கீழே இறங்கத் தனிப் பட்டன் இல்ல. 2-ல இருந்து 1-க்கு வர * ரெண்டு தடவை அமுக்கணும். ஒரே தடவையோட நிறுத்தினா மூணாவது ஸ்தாயிக்கு ஏறிக் கீச்சுன்னு கத்தும்.

[திரையில்: பட்டன் வரிசை பெருசா]

இப்ப சரளி வரிசை முதல் வரி, மாயாமாளவகௌளை ராகத்துல. பாட்டு வாத்தியார் சொல்லித் தர்ற முதல் பாடம், கம்போஸருக்கும் அதுதான் சரியான பயிற்சி. ஸ-வை ஒரு கட்டையில வெச்சா சுத்த ரிஷபம் ஒன்றரை, சுத்த தைவதம் ஐந்தரை. ஏறும்போது: 1, 1#, 3, 4, 5, 5#, 7, 1*. இறங்கும்போது: 1, 7**, 5#, 5, 4, 3, 1#, 1. மேல் ஸ-வுக்கு ஒரு *, இறங்கி நி-க்கு வரும்போது ரெண்டு *. மொத்தம் 16 நோட்டு, 23 அமுக்கு. இதுல 1#-க்குப் பதிலா 2, 5#-க்குப் பதிலா 6 போட்டா என்ன ஆகும்? சங்கராபரணத்தோட சுரங்கள்! 29-வது மேளகர்த்தா (தாய் ராகம்) மொத்தமும் 1-ல இருந்து 7 வரைக்கும் நேரா உட்கார்ந்திருக்கு. அதுல 4-யும் 7-யும் விட்டுட்டா மோகனம்.

இன்னும் இருக்கு. அதே சரளி வரிசையை மூணு காலத்துலயும், அதாவது ஒவ்வொரு தடவையும் இரட்டிப்பு வேகத்துல, போடுவோம். முதல் காலம் போட்டு முடிச்சு, ரெண்டாம் காலத்தோட முதல் ஸ-வுல ஒரே ஒரு 8. நீளம் ஒட்டிக்கும்னு சொன்னேன்ல, மிச்சம் 15 நோட்டும் தானா பாதியாயிடும். மூணாம் காலத்துக்கு இன்னொரு 8. பதினாறு மூணு நாற்பத்தெட்டு. போன் கொடுக்கிறது 50. ரெண்டு நோட்டு மிச்சம்! அமுக்குறது மொத்தமே 71 தடவை. டெம்போ 125-ல வெச்சா முதல் காலம் 7.68 நொடி, ரெண்டாவது 3.84, மூணாவது 1.92. ஆகமொத்தம் பதினாலு நொடிக்குள்ள மூணு காலமும் முடிஞ்சிடும். இதைக் கண்டுபிடிச்சதும் வீடியோவை இதோட முடிச்சிடலாமான்னு பார்த்தேன்.

ஒண்ணை மட்டும் எதிர்பார்க்காதீங்க: கமகம், அதாவது சுரத்தை அசைச்சு வழுக்கிப் பாடுறது. போனுக்குள்ள சத்தம் போடுற பஸர் ஒரு சுரத்துல இருந்து இன்னொண்ணுக்குத் தாவும், வழுக்காது. சுரம் இருக்கும், ராகம் இருக்காது. கமகமே உயிரான தோடி ராகத்தை இதுல போட்டுட்டு என்கிட்ட சண்டைக்கு வராதீங்க.

டெம்போ 125-ன்னு சொன்னதுக்குக் காரணம் இருக்கு. நோக்கியா ரிங்டோனை எஸ்எம்எஸ்ல அனுப்புற வடிவத்துல டெம்போவுக்கு 5 பிட்டுதான். அதனால 32 வேகம்தான் உண்டு. 25-ல தொடங்கி 900-ல முடியுது, நடுவுல 100, 112, 125, 140-ன்னு தாவும். உலகமே பழக்கமா வெக்கிற 120 அதுல இல்ல! 60-உம் இல்ல, 63-தான். மெட்டு கொஞ்சம் இழுக்குறாப்ல இருந்தா தப்பு உங்க மேல இல்ல.

மௌனத்துக்கு 0, அதுக்கும் 8, 9 செல்லும். நோக்கியாவோட 'ஸ்பெஷல்' மெசேஜ் டோன் ஞாபகம் இருக்கா? மூணு குட்டி, ரெண்டு நீளம், மூணு குட்டி. அது மோர்ஸ் தந்திக் குறியீட்டுல 'எஸ்எம்எஸ்'!

கடைசியா எல்லாருக்கும் தெரிஞ்ச நோக்கியா ட்யூன். பிரான்சிஸ்கோ தாரேகா 1902-ல கிதாருக்கு எழுதின 'கிரான் வால்ஸ்'ல இருந்து எடுத்த துண்டு. டெம்போ 180. எழுதிக்கோங்க: 38*, 2, 49#**, 5#, 18#*, 7**, 29, 3, 78, 6, 19#, 3, 69. பதிமூணு நோட்டு, 30 அமுக்கு. 'ஆப்ஷன்ஸ்'ல 'ப்ளே' போட்டுக் கேளுங்க, சரியா இருந்தா 'சேவ்'. சேவ் பண்றதோட ரிங்டோன் மாறிடாது. 'டோன்ஸ்'க்குத் திரும்பப் போய் 'ரிங்கிங் டோன்'ல உங்க டோனைத் தேர்ந்தெடுக்கணும்.

சரி, உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். ஹிந்தோளம், ஆரோகணமும் அவரோகணமும், பட்டன் வரிசையா கமெண்ட்ல போடுங்க. மேல் ஸ-வை ஒரு தடவை போட்டாப் போதும். ஒரு க்ளூ: மூணு 'அரை' வரும். இறங்கும்போது ** விடாம முதல்ல சரியா எழுதுறவங்க கமெண்ட்டைப் பின் பண்றேன்.