ஈசிஆர்ல (சென்னையிலருந்து தெற்கே போற கிழக்குக் கடற்கரைச் சாலை) கடலோர வீடு எடுக்கும்போது எதைப் பார்த்து முடிவு பண்றது? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம்ங்க. திருச்சியிலருந்து ஒரு சகோதரி கேட்டிருக்காங்க: "டிசம்பர் கடைசில குடும்பத்தோட 14 பேர், ரெண்டு ராத்திரி ஈசிஆர்ல பீச் ஹவுஸ் எடுக்கலாம்னு இருக்கோம். 78 வயசுல மாமியார், 4 வயசுலயும் 7 வயசுலயும் ரெண்டு குழந்தைங்க. போட்டோவுல எல்லா வீடும் அழகாத்தான் இருக்கு. எதை வச்சு முடிவு பண்றது?"

நல்ல கேள்வி. போட்டோவுல வீடு தெரியும், வீட்டுக்கும் கடலுக்கும் நடுவுல என்ன இருக்குன்னு தெரியாது. அங்கருந்தே ஆரம்பிங்க.

முதல்ல கேக்க வேண்டியது, வீடு ரோட்டுக்குக் கிழக்குப் பக்கமா மேற்குப் பக்கமா? ஈசிஆர்ல கடல் கிழக்குலதான். "பீச்சுக்கு 3 நிமிஷம்"னு போட்டிருப்பாங்க. வீடு மேற்குல இருந்தா அந்த 3 நிமிஷத்துக்குள்ள ஈசிஆரைக் குறுக்கே தாண்டணும். வண்டிங்க பறக்குற ரோடு அது. ஈரத்துணியோட 4 வயசுப் பிள்ளையக் கையில பிடிச்சுக்கிட்டு மீடியன்ல நிக்கிறதை நினைச்சுப் பாருங்க. மேற்குப் பக்க வீட்டை நாங்க உங்களுக்குச் சொல்லவே மாட்டோம், வாடகை பாதியா இருந்தாலும்.

கிழக்குப் பக்கம்னு உறுதியானதும் லொக்கேஷன் பின் வாங்குங்க. "ஏரியா மட்டும்தான் சொல்லுவோம், அட்வான்ஸ் போட்டா பின் அனுப்புறோம்"னா அந்த வீட்டை விட்டுடுங்க. பின் கிடைச்சதும் மேப்புல சாட்டிலைட் வியூ போட்டு, வீட்டு கேட்லருந்து அலை அடிக்கிற கோடு வரைக்கும் தூரத்தை அளந்து பாருங்க. அளக்குற வசதி மேப்புலயே இருக்கு. 300 மீட்டர் நமக்கு 4 நிமிஷம். மாமியாருக்கு, கடைசி 50 மீட்டர் மணல்ல கால் புதைய நடக்குறதோட சேர்த்து, 10 நிமிஷம் தாராளமா ஆகும். அதோட அந்தத் தெரு கடல்ல போய் முடியுதா, இல்ல வேற யாரோ காம்பவுண்டுல முட்டி நிக்குதான்னும் பாருங்க. கடலுக்குப் போற வழி பொது வழியா, பக்கத்து வீட்டுக்காரர் பூட்டி வைக்கிற கேட்டான்னு ஓனர்கிட்ட நேராவே கேளுங்க.

பழைய சாட்டிலைட் படத்தை மட்டும் நம்பிடாதீங்க. இந்தக் கரை வருஷம் முழுக்க ஒரே மாதிரி இருக்கிறதில்ல. தென்மேற்குப் பருவத்துல அலை மணலை வடக்குப் பக்கமா தள்ளும், வடகிழக்குப் பருவத்துல தெற்குப் பக்கமா. நடுவுல எங்கயாவது கடலுக்குள்ள நீட்டிக் கல்லுக்கட்டு போட்டா, மொத்தத்துல மணல் வடக்கு நோக்கியே அதிகம் போறதால, கட்டுக்குத் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை அரிச்சிடும். அதனாலதான் சில இடத்துல வீட்டுக்கு முன்னாடி பாறாங்கல்லைக் குவிச்சிருப்பாங்க. மாடியில நின்னா கடல் பிரமாதமாத் தெரியும், இறங்கி நிக்க ஒரு முழம் மணல் இருக்காது. அந்தக் கல் வழுக்கும், இடுக்குல கால் மாட்டிக்கும். குழந்தைங்களோட போறவங்களுக்கு அது சரிப்படாது.

இதுக்கு ஒரே வழி வீடியோ கால். சாயங்காலம் 4, 5 மணிக்கு வாட்ச்மேனை கேட்லருந்து கடல் வரைக்கும் போனைப் பிடிச்சுக்கிட்டே நடக்கச் சொல்லுங்க. ஏற்கெனவே எடுத்து வச்ச வீடியோ வேண்டாம், அன்னைக்கு நேரலையா நடக்கணும். மோசடிக்காரன்கிட்ட வீடே கிடையாது, அவனால இதைச் செய்ய முடியாது. அங்கயே பாதி வடிகட்டிடலாம்.

அடுத்து கடல். வங்காள விரிகுடா இந்தக் கரையில ஆழம் சட்டுனு கூடும். ரெண்டு மூணு எட்டு வச்சா இடுப்பளவு வந்துடும், அலை கரையிலயே மடிஞ்சு விழும். டிசம்பர்ல வாடைக் காத்து இன்னும் அடங்கியிருக்காது, கடல் முரட்டுத்தனமாத்தான் இருக்கும். ஆளைக் கடலுக்குள்ள இழுத்துட்டுப் போற இழுவிசை ஓட்டம் எப்படி இருக்கும்னு எல்லாரும் தெரிஞ்சுக்கோங்க. ரெண்டு பக்கமும் அலை வெள்ளையா உடையும், நடுவுல ஒரு பட்டை மட்டும் உடையாம, கலங்கலா, அமைதியா இருக்கும். பார்த்தவுடனே "இந்த இடம்தான் அலை இல்லாம இருக்கு, இங்க குளிக்கலாம்"னு தோணும். கரையில குவிஞ்ச தண்ணி திரும்பக் கடலுக்குள்ள ஓடுற வாய்க்கால் அதுதான். மாட்டிக்கிட்டா கரையைப் பார்த்து நீந்தக் கூடாது, தண்ணியோட பலத்தை நம்ம பலம் ஜெயிக்காது. கரைக்கு இணையா பக்கவாட்டுல கொஞ்ச தூரம் போய் அந்த இழுவையை விட்டு வெளிய வந்து, அப்புறம் கரைக்குத் திரும்பணும். நீந்தத் தெரியாதவங்க முழங்காலுக்கு மேல இறங்கவே வேண்டாம். கோவளம் கடற்கரைக்கு 2021ல, சுத்தத்துக்கும் பாதுகாப்புக்கும் குடுக்கிற நீலக் கொடிச் சான்றிதழ் கிடைச்சுது. குழந்தைங்களைக் காலு நனைக்கக் கூட்டிட்டுப் போகணும்னா அந்த மாதிரி கண்காணிப்பு இருக்கிற இடத்துக்குப் போங்க. வீட்டுக்குப் பின்னாடி இருக்கிற ஆளில்லாத கரை நடக்கிறதுக்கும் உக்காந்து பேசுறதுக்கும்தான்.

கடல் இப்படி இருக்கிறதாலதான் எல்லாரும் நீச்சல் குளம் வச்ச வீடா தேடுறாங்க. இங்கதான் நாங்க கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கு. குளத்தோட ஆழம் எத்தனை அடின்னு கேளுங்க. நிறைய வீட்டுல ஒரே சீரா நாலு, நாலரை அடி. உங்க 7 வயசுப் பிள்ளைக்கே தலைக்கு மேல தண்ணி நிக்கும். குழந்தைக் குளம் தனியா இருக்கா, குளத்தைச் சுத்தித் தடுப்பும் பூட்டுற கேட்டும் இருக்கா, ஹால் கதவைத் திறந்தா நேரா குளத்துல போய் நிக்குதா? தடுப்பு இல்லேன்னா பெரியவங்கள்ல ஒருத்தர் முறை போட்டுக் காவல் இருக்கணும், கையில போன் இல்லாம. குழந்தை மூழ்கும்போது சத்தம் போடாது.

"தண்ணி எப்போ மாத்துனீங்க"ன்னு கேக்குறாங்க. அது சரியான கேள்வி இல்ல. ஃபில்டர் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஓடுதுன்னு கேளுங்க, 6லருந்து 8 மணி நேரம் ஓடணும். போய் இறங்கினதும் குளத்து ஓரத்துல நின்னு அடியில இருக்கிற வடிகால் மூடியைப் பாருங்க. அதோட கம்பி இடைவெளி தனித்தனியாத் தெளிவாத் தெரியணும். மங்கலா இருந்தா யாரையும் இறக்காதீங்க. கலங்கின தண்ணியில ஆள் அடியில கிடந்தாலும் மேல இருந்து தெரியாது. மூடி உடைஞ்சிருந்தாலோ கழண்டிருந்தாலோ அதுவும் ஆபத்து, மோட்டார் ஓடும்போது முடியையும் கையையும் இழுத்துப் பிடிச்சுக்கும். குளோரின் நாத்தம் மூக்கைத் துளைச்சா "நிறைய மருந்து போட்டிருக்காங்க, சுத்தமா இருக்கு"ன்னு நினைக்காதீங்க. வேர்வை, அழுக்கு, சிறுநீரோட குளோரின் கலந்து உண்டாகுற நாத்தம் அது. பெரும்பாலும் குளோரின் பத்தலைங்கிறதுக்குத்தான் அது அடையாளம்.

குளத்துக்குள்ள விளக்கு இருந்தா மெயின் போர்டைப் போய்த் திறந்து பாருங்க. 30 மில்லி ஆம்பியர்னு எழுதின ஆர்சிசிபி (மின்கசிவு வந்தா கரன்டைத் தானா துண்டிக்கிற சுவிட்ச்) ஒண்ணு இருக்கணும். அதுல சின்னதா 'டெஸ்ட்' பட்டன் இருக்கும், அழுத்தினா டக்குனு விழணும். விழலைன்னா குளத்து விளக்கோட சுவிட்சை மட்டும் அணைச்சா போதாது, அந்த லைனையே போர்டுல அணைக்கச் சொல்லுங்க, ராத்திரி குளியல் வேண்டாம். உப்புக் காத்துல இந்த இணைப்பெல்லாம் சீக்கிரம் அரிச்சுப்போகும்.

உப்புக் காத்து ஏசியையும் விடாது. வீடியோ கால்லயே வெளியில இருக்கிற ஏசி யூனிட்டைக் காட்டச் சொல்லுங்க. பின்பக்கத் தகடெல்லாம் பொடிஞ்சு உதிர்ந்திருந்தா அந்த ஏசி சத்தம் போடும், குளிராது. கரன்ட் போனா என்ன பண்றதுன்னும் கேட்டுக்கோங்க. "பேக்கப் இருக்கு"ங்கிற பதில் போதாது. இன்வெர்ட்டர்னா ஃபேனும் லைட்டும் மட்டும்தான். ஒன்றரை டன் ஏசி ஒண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றரை கிலோவாட், நாலு ஏசிக்கு 6. அதுக்கு மேல ஃபிரிட்ஜ், தண்ணி மோட்டார். மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது ரெண்டு மூணு மடங்கு இழுக்கும். 15 கேவிஏ ஜெனரேட்டர் இருந்தா நிம்மதி. டீசல் யார் கணக்குன்னும் முன்னாடியே பேசிடுங்க.

தண்ணி விஷயம். கடலுக்குப் பக்கத்துல போர்த் தண்ணி பல இடத்துல உப்பு. சென்னைக்கே நெம்மேலியில கடல் தண்ணியைக் குடிநீராக்குற ஆலை இந்த ரோட்டோரத்துலதான் ஓடுது, ஆனா வாடகை வீட்டுக் குழாய்ல வர்றது வேற. வீடியோவுல ருசி தெரியாது, நுரை தெரியும். பாத்ரூம் குழாய்த் தண்ணியில சோப்புப் போட்டுக் கை தேய்க்கச் சொல்லுங்க. நுரை வராம திரிதிரியா நின்னா உப்பு, கடினத் தண்ணி. ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர்ங்கிறது வழக்கமான கணக்கு. 14 பேருக்கு 1,900 லிட்டர் வருது. கடல் மணலைக் கழுவுறதுக்குக் கூடவே ஆகும். மாடித் தொட்டியும் கீழ்த் தொட்டியும் எத்தனை லிட்டர், லாரித் தண்ணி எப்போ வருதுன்னு கேளுங்க. குடிக்கவும் சமைக்கவும் 20 லிட்டர் கேன் ரெண்டு நாளைக்கு 6 வாங்கி வச்சா போதும்.

இனி மாமியாருக்காக. கீழ்த்தளத்துலயே படுக்கையறையும், அதோட ஒட்டின வெஸ்டர்ன் டாய்லெட்டும் கட்டாயம். "14 பேர் தங்கலாம்"னு சொல்லி மூணு பெட்ரூம், பாக்கிப் பேருக்குத் தரையில மெத்தைன்னு முடிச்சிடுவாங்க. கட்டில் எத்தனை, டாய்லெட் எத்தனைன்னு எண்ணிக் கேளுங்க. நாலு பேருக்கு ஒரு டாய்லெட்டாவது இல்லேன்னா காலையில சண்டைதான். அவசரம்னா 108 இருக்கு. கோவளத்துலருந்து உள்ள கேளம்பாக்கம் போனா பெரிய மருத்துவமனை உண்டு. மாமல்லபுரத்துக்குத் தெற்கே போகப்போக இந்த வசதி தூரமாயிடும்.

இடத்துக்கு எங்க அபிப்ராயம். நீலாங்கரை, பனையூர், உத்தண்டி பக்கம் கடை, மருத்துவமனை, சாப்பாட்டு டெலிவரி எல்லாம் கைக்கெட்டும், ஆனா ஊருக்குள்ள இருக்கிற மாதிரிதான். கடப்பாக்கம், மரக்காணம் பக்கம் தென்னந்தோப்பு, உப்பளம்னு அவ்வளவு அழகு, அமைதி. இளவட்டம் நாலு பேர் போறதுக்கு அதுதான் சரி. உங்க குடும்பத்துக்குக் கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவுல, கடலை ஒட்டின வரிசையை விட்டு ரெண்டாவது வரிசை வீடு எடுங்க. அலைச் சத்தம் கேக்கும், குழந்தை தானா ஓடிப் போய்க் கடல்ல நிக்காது, வாடகையும் இறங்கும். முதலைப் பண்ணை, தக்ஷிணசித்ரா, கடற்கரைக் கோயில் எல்லாம் பக்கம்.

பணம் கடைசியா. பாதிக்கு மேல அட்வான்ஸ் போடாதீங்க. 2022 டிசம்பர்ல மாண்டஸ் புயல் மாமல்லபுரம் பக்கத்துலதான் கரை கடந்துச்சு. அதனால "வானிலை மையம் ஆரஞ்சு இல்ல ரெட் அலர்ட் குடுத்தா முழுப் பணமும் திருப்பித் தரணும், இல்லேன்னா தேதி மாத்தித் தரணும்"னு வாட்ஸ்அப்புல எழுத்துல வாங்கிக்கோங்க. 31ஆம் தேதி ராத்திரியை உங்க ரெண்டு நாள்ல சேர்க்காதீங்க. அன்னைக்கு வாடகை ஏறும், போலீஸ் கடல்ல இறங்க விடாது, ரோடும் நெரிசல். வெளியில ஸ்பீக்கர் வச்சுப் பாட்டுப் போட்டா ராத்திரி 10 மணிக்கு நிறுத்தணும், அது சட்டம். வெளிநாட்டுப் பாஸ்போர்ட் உள்ள சொந்தக்காரங்க யாராவது உங்களோட தங்கினா, ஓனர் 24 மணி நேரத்துக்குள்ள அவங்க விவரத்தை அரசாங்கத்துல பதியணும். அதைச் செய்வாரான்னு முன்னாடியே கேட்டுக்கோங்க.

சாவி வாங்கினதும் பையை இறக்குறதுக்கு முன்னாடி, சுவர், டிவி, கண்ணாடி, மெத்தைக் கறை எல்லாத்தையும் ஒரு வீடியோ எடுத்து அப்பவே ஓனருக்கு அனுப்பிடுங்க. டெபாசிட்டைத் திருப்பி வாங்கும்போது அந்த வீடியோதான் பேசும்.