கிழங்குத் தோலும் நெல் வயலும்

நேயர்களுக்கு வணக்கம். பயிர் நோய் பார்க்கிறவன் பேசுகிறேன்.

வீட்டில் உருளைக்கிழங்கு இருந்தால் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். தோலில் மண் ஒட்டியது போலக் கறுப்பாக ஏதாவது தெரிகிறதா? தண்ணீரில் போட்டுத் தேய்த்தாலும் போகாது, நகத்தால் சுரண்டினால்தான் வரும். அது மண் இல்லை. உருண்டு திரண்டு உறங்கிக் கிடக்கிற ஒரு பூஞ்சாணம். நம் ராமநாதபுரம் கரையில் உருளை விளைவதில்லை, மேட்டுப்பாளையத்திலிருந்து லாரியில் வருகிறது. கூடவே இதுவும் நம் அடுப்படி வரை வந்துவிடுகிறது. தோல் சீவிச் சமைத்தால் சாப்பிடுகிறவர்களுக்கு ஒன்றும் செய்யாது, பயப்பட வேண்டாம்.

இதன் பெயர் ரைசோக்டோனியா சொலானி. 1858-ல் ஜெர்மனியில் ஜூலியஸ் கூன் என்ற பயிர் நோய் அறிஞர் உருளைக்கிழங்கில் பார்த்து வைத்த பெயர். ரைசோக்டோனியா என்றால் வேரைக் கொல்வது. சொலானி என்பது உருளைச் செடியின் இனத்தைக் குறிக்கிறது. ஆனால் நம் நெல்லில் இலையுறை கருகல் வருகிறதே, அதற்கும் இதே பெயர்தான். பெயரில் கிழங்கு இருப்பதால் வந்த குழப்பம் ஒன்றைச் சொல்கிறேன்.

திருவாடானைப் பக்கம் ஒரு வயல். கதிர் வருகிற நேரம், நல்ல மழை. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, தண்டைச் சுற்றிய உறையில் பாம்புத் தோல் மாதிரி திட்டுத் திட்டாக இருந்தது. நோயின் பெயரைச் சொன்னேன், உருளைக்கிழங்கிலும் இது உண்டு என்று விவரமாகவும் சொல்லிவைத்தேன். அந்த வயலுக்குச் சொந்தக்கார அப்பத்தாவுக்கு முகம் வாடிவிட்டது. "ஏன் தம்பி, நான்தானே கிழங்குத் தோலையெல்லாம் குப்பைக்குழியில போட்டேன். அந்த எருவைத்தானே வயல்ல அடிச்சோம். அப்ப நானே கொண்டாந்து விட்டுட்டேனா?"

என்ன அருமையான கேள்வி! அதற்கு அங்கேயே நின்று பதில் சொல்ல முடியாது. இந்தப் பூஞ்சாணம் மற்றவை போல மண்ணில் விதைத்தூள் உண்டாக்குவதில்லை, வெறும் இழைதான். நுண்ணோக்கியில் வைத்தால் கிழங்கிலிருந்து எடுத்ததும் நெல்லிலிருந்து எடுத்ததும் ஒன்று போலவே தெரியும். முகம் பார்த்து ஆளைச் சொல்ல முடியாது. அப்புறம் எப்படி?

உறவு கேட்க வேண்டும். நம் ஊரில் உறவு இருக்கிற வீட்டில்தானே கை நனைப்பார்கள்? அதே மாதிரிதான். கண்ணாடித் தகட்டில் மெல்லிய கூழ் பூசி, இந்தப் பக்கம் ஒரு பூஞ்சாணம், அந்தப் பக்கம் ஒன்று வைப்போம். ஓரிரு நாளில் இழைகள் நடுவே வந்து சந்திக்கும். இந்த ஒரே பெயருக்குள் பல உறவுக் குழுக்கள் உண்டு. ஒரே குழு என்றால் இழையும் இழையும் ஒட்டி ஒன்றாகும். வேறு குழு என்றால் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போய்விடும். இன்னொன்றும் உண்டு: ஒரே குழுதான், ஆனால் வேறு வேறு ஆள். அப்போது ஒட்டிக்கொள்ளும், ஒட்டிய இடத்துச் செல்கள் மட்டும் செத்துப்போகும். பங்காளிச் சண்டைதான்! இதைப் பார்க்க நான் எத்தனை இரவு உட்கார்ந்திருப்பேன் என்று கணக்கே இல்லை.

அப்பத்தா வயலின் உறையிலிருந்து ஒன்றும், என் வீட்டுக் கிழங்கிலிருந்து ஒன்றும் வளர்த்து எதிரெதிரே வைத்தேன். தாண்டிப் போயின. பிறகு குழு ஏற்கனவே தெரிந்த பூஞ்சாணங்களுக்கு எதிரே வைத்தேன். நெல்லில் இருந்தது 1-ஆம் குழுவோடு ஒட்டியது, கிழங்கில் இருந்தது 3-ஆம் குழுவோடு. இப்படி 1 முதல் 13 வரை எண் போட்ட குழுக்கள் இருக்கின்றன. இப்போது மரபணுவைப் படித்தும் சொல்லிவிடுகிறார்கள். கிழங்கின் 3-ஆம் குழு குளிர்ந்த மண்ணை விரும்பும். நெல்லினுடையது சூட்டையும் ஈரத்தையும் விரும்பும், நம் ஊர் அதற்குத் தோது. அது முந்தைய போகத்து வைக்கோலிலும் மண்ணிலும் பழுப்பு உருண்டையாகக் கிடந்து, வயலில் தண்ணீர் நின்றதும் மிதந்து வந்து தண்டில் ஒட்டும். யூரியா மிஞ்சினால் இன்னும் கொண்டாட்டம் அதற்கு. போய்ச் சொன்னேன்: அப்பத்தா, உங்கள் குப்பைக்குழி மேல் பழி இல்லை.

திரும்பவும் சொல்கிறேன், பெயர் ஒன்று என்பதால் ஆள் ஒன்று இல்லை. எந்தக் குழு என்று தெரிந்தால்தான் அடுத்து எந்தப் பயிர் போடலாம் என்று சொல்ல முடியும்.

சரி, நேரம் முடிந்தது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். முண்டு மிளகாய் பற்றித்தான் நிறையப் பேச நினைத்தேன். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற நம் மிளகாய். இளஞ்செடி அடித்தண்டு கறுத்துச் சாய்ந்தால் அது 4-ஆம் குழுவாக இருக்கலாம், வேறு பூஞ்சாணமாகவும் இருக்கலாம். கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி, அதாவது நோய்ப் பூஞ்சாணத்தை அடக்கும் நல்ல பூஞ்சாணம், கலந்து விதையுங்கள். அப்படியும் சாய்ந்தால் செடியை வேர் மண்ணோடு எடுத்துக் காகிதத்தில் சுற்றி என்னிடம் கொண்டுவாருங்கள், பிளாஸ்டிக் பை வேண்டாம், அழுகிவிடும். கடைசி மூன்று போகம் அந்த நிலத்தில் என்ன போட்டீர்கள் என்று ஒரு சீட்டில் எழுதி உள்ளே வையுங்கள். வணக்கம்.