எலுமிச்சம்பழத்துக்குள் அடைத்த நியாயம்

தலைவர் அவர்களே, கிளை நூலகர் அம்மா அவர்களே, வேலை நாளிலும் நேரம் ஒதுக்கி வந்திருக்கும் நகர்மன்ற உறுப்பினர் அவர்களே, நாற்காலி கொடுத்து உதவிய திரையரங்க உரிமையாளர் ஐயா அவர்களே, முன்வரிசையில் இடம்பிடித்திருக்கும் பிள்ளைகளே, எல்லாருக்கும் வணக்கம். எனக்குப் போர்த்திய சால்வையை வாசகர் வட்டத்துக்கே திருப்பித் தருகிறேன். அடுத்த மாதம் பேச வருகிறவருக்கு ஆகும். திரையரங்க ஐயாவுக்குத் தனியாக ஒரு வார்த்தை. சுற்றுவட்டாரக் கொட்டகைகள் கல்யாண மண்டபங்களாக மாறிவிட்ட பிறகும் இவர் விடாமல் படம் ஓட்டுகிறார். அங்கே பார்த்த படத்தைத்தான் இன்று குறை சொல்லப்போகிறேன் என்று தெரிந்தும் நாற்காலி அனுப்பினாரே, அந்த மனசுக்கு நன்றி.

மூன்று செய்திகள் சொல்ல வந்தேன். ஒன்று, பணம் இல்லாமல் பேய்ப்படம் எடுக்கலாமா என்பது. இரண்டு, பேய்ப்படத்தில் சத்தம் செய்யும் வேலை. மூன்றாவதுதான் முக்கியம்: பெண்ணென்றால் பேயும் இரங்கும் என்கிற பழமொழி.

படத்தின் பெயர் வேண்டாம். சின்னப் படம், ஒரே மலைப் பங்களா, ஏழெட்டு நடிகர்கள். முதல் ஐந்து நிமிடம் நாற்காலி நுனிக்கே வந்துவிட்டேன். மழை பொய்த்த ஊர். ஒரு குழந்தைக்குக் காய்ச்சல். பச்சிலை அரைத்துக் கொடுத்த பெண்ணைச் சூனியக்காரி என்று சொல்லி வீட்டோடு கொளுத்துகிறார்கள். அவள் ‘திரும்பி வருவேன்’ என்கிறாள். அப்புறம் என்ன ஆயிற்று? நான்கு நண்பர்கள் பங்களாவுக்கு வருகிறார்கள், கதவு கிறீச்சிடுகிறது, ஒருவன் அலறிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் ஓடுகிறான். இரண்டு மணி நேரம் இதேதான். கடைசியில் ஒரு மந்திரவாதி அவளை எலுமிச்சம்பழத்துக்குள் அடைத்து ஆணி அடிக்கிறார். எல்லாரும் ஆடிப் பாடுகிறார்கள். கொளுத்தியவர்களை ஒரு வார்த்தை கேட்க ஆள் இல்லை!

பணம் இல்லாதது குற்றமே இல்லை. 1978-ல் விட்டலாச்சார்யா எடுத்த தெலுங்குப் படம் ‘ஜகன்மோகினி’ தமிழிலும் வந்து கொட்டகை கொட்டகையாக ஓடியது. அதில் பேய் தன் காலையே விறகாக அடுப்பில் வைத்துச் சமைக்கும். அதற்கு எவ்வளவு செலவாகியிருக்கும்? ஆனால் பார்த்தவர் யாரும் இன்றுவரை மறக்கவில்லை. அங்கே யோசனை இருந்தது. சத்தத்தைப் பற்றி அப்புறம் வருகிறேன்.

‘ஜகன்மோகினி’யை நான் டூரிங் டாக்கீஸில், மணலைக் குவித்து உட்கார்ந்து பார்த்தேன். வாசலில் ஒரு கிழவி அவித்த கடலை விற்பார். கைம்பெண், ஒற்றைக் கண் பூ விழுந்திருக்கும், தனியாக இருந்தார். அது போதுமே ஊருக்கு! அவரிடம் கடலை வாங்கினால் வயிறு வீங்கும், அவர் நிழல் பட்டால் மாடு கறக்காது என்பார்கள். அன்று இரண்டாம் ஆட்டம் முடிந்து வெளியே வந்தால் கூட வந்த சித்தப்பாவைக் காணோம். மழை வேறு. நின்று அழுதேன். யாரோ தோளைத் தொட்டார்கள். திரும்பினால் அரிக்கேன் வெளிச்சத்தில் அந்த ஒற்றைக் கண்! நான் போட்ட கத்தலில் வண்டி மாடு மிரண்டது. அவர் கையை விடவில்லை. சொன்னார்: “அழாதடா ராசா. அந்தப் பேய்க்கு நாளைக்கும் ரெண்டு ஆட்டம் இருக்கு. கொட்டகையை விட்டு வராது.” வாய்க்கால் வரப்பு வழியாக ஒன்றரை மைல் நடந்து வந்து என்னை வீட்டில் விட்டார். என் அம்மா தண்ணீர் கொடுத்தார், வாசலுக்கு வெளியே வைத்து. அதையும் குடித்துவிட்டு, மடியிலிருந்து ஒரு பிடி கடலை எடுத்து என் கையில் வைத்துவிட்டுப் போனார். அந்த ஆவணியில் யார் வீட்டிலோ கன்று செத்தது. அவர் குடிசைக்கூரையைப் பிய்த்து எறிந்தார்கள். அதன்பிறகு அவரை ஊரில் யாரும் பார்க்கவில்லை. பெண்ணென்றால் பேயும் இரங்கும். எங்கள் ஊர் இரங்கவில்லை.

பழைய கதை என்று நினைக்காதீர்கள். 2022-ல் மட்டும் நாட்டில் 85 கொலைகளுக்குச் சூனியம் காரணம் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிவு செய்திருக்கிறது. அசாமில் பிருபாலா ராபா என்ற தாய். மகனுக்கு மனநலக் கோளாறு. மூன்று நாளில் செத்துப்போவான் என்று குறி சொன்னார்கள், சாகவில்லை. அன்றிலிருந்து, சூனியக்காரி என்று முத்திரை குத்தப்பட்ட பெண்களைக் காப்பாற்றுவதே அவர் வேலையாயிற்று. 2021-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அதே ஆண்டு ஜார்க்கண்டின் சுட்னி மஹதோவுக்கும் கொடுத்தார்கள். அவர் அந்த முத்திரையைத் தாமே சுமந்து அடிபட்டவர்.

பெண்ணைச் சூனியக்காரி என்று முத்திரை குத்துவதைத் தடுக்கப் பீகாரில் 1999-லேயே சட்டம் வந்தது. ஜார்க்கண்ட், சத்தீஸ்கர், ஒடிசா, அசாம் எல்லாம் பின்தொடர்ந்தன. மகாராஷ்டிரத்தில் மூடநம்பிக்கை எதிர்ப்பாளர் நரேந்திர தபோல்கர் பல ஆண்டுகள் போராடியும் வராத சட்டம், 2013 ஆகஸ்டில் அவரைப் புனேயில் சுட்டுக் கொன்ற பிறகுதான் வந்தது. பக்கத்துக் கர்நாடகமும் 2017-ல் நிறைவேற்றிவிட்டது. பெரியார் பிறந்த நம் மாநிலத்தில் இதற்கென்று தனிச்சட்டம் இல்லை. நகர்மன்ற உறுப்பினர் ஐயா இதைத் தங்கள் கட்சி மேலிடத்துக்கு எடுத்துச் செல்ல வேண்டும் என்று இந்த மேடையிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

அந்த மலைப் பங்களாப் படத்தின் இயக்குநர் தம்பி எங்கிருந்தாலும் கேட்கட்டும்: அந்த முதல் ஐந்து நிமிடம் உன்னுடையது. அடுத்த படத்தை அங்கிருந்து தொடங்கு. சிரிக்க வை, வேண்டாம் என்று சொல்லவில்லை. தீ வைத்தவனைப் பார்த்துச் சிரிக்க வை.

மணி அடித்துவிட்டார்கள். சத்தத்தைப் பற்றிச் சொல்ல வந்ததை இன்னொரு நாள் பார்க்கலாம். நூலகர் அம்மா கதவு பூட்ட வேண்டும். தனிச்சட்டம் கேட்கும் மனுத்தாள் வாசல் மேசையில் இருக்கிறது, பேனாவை நூலில் கட்டி வைத்திருக்கிறேன். பெயரையும் ஊரையும் மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். நன்றி, வணக்கம்.