மதகுக் கட்டையில் படித்த கம்பன்

நடுவர் அவர்களுக்கும், பனியையும் கொசுவையும் பொருட்படுத்தாமல் அமர்ந்திருக்கும் கும்பகோணத்துப் பெருமக்களுக்கும் வணக்கம். இலக்கியச் சுவையை நமக்கு ஊட்டியவர்கள் ஆசிரியர்களா, நண்பர்களா என்பது தலைப்பு. நண்பர்களே என்று பேச வந்திருக்கிறேன்.

தலைப்பு சற்றுப் பொறுக்கட்டும். எனக்கு முன்னால் பேசிய எதிரணி அம்மையார் ஒரு போடு போட்டார். “நண்பர்களோடு மதகுக் கட்டையில் உட்கார்ந்தால் ஊர்வம்பு வளரும், இலக்கியம் வளராது” என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். அந்தக் கைதட்டலைத் திரும்ப வாங்காமல் நான் மேடையை விட்டு இறங்கப்போவதில்லை.

அம்மா, நான் கம்பனைப் படித்ததே மதகுக் கட்டையில்தான்!

எங்கள் ஊர் தேரழுந்தூருக்குப் பக்கம். கம்பர் பிறந்த மண். கம்பராமாயணத்தில் அயோத்தி இருக்கும் கோசல நாட்டைப் பாடும் நாட்டுப்படலத்தில் ஒரு பாட்டு வரும். எருமைகள் தண்ணீரில் கிடக்கின்றன. ஊரில் நிற்கும் கன்றை நினைக்கின்றன. நினைத்த மாத்திரத்தில் மடியிலிருந்து பால் சொரிகிறது. அந்தப் பால் பாய்ந்து நெல் தழைக்கிறது. பள்ளியில் ஒப்பித்தேன், மதிப்பெண் வாங்கினேன், அத்தோடு சரி.

என் நண்பன் எட்டாம் வகுப்போடு நின்றவன். எருமை மேய்ப்பவன். ஒருநாள் மதகுக் கட்டையில் உட்கார்ந்து அந்தப் பாட்டைச் சொன்னேன். “இன்னொரு முறை சொல்” என்றான். சொன்னேன். “நினைத்தாலே பால் வருமா? கன்று முட்டினால்தானே வரும்?” என்றான். “கம்பர் சொல்கிறார்” என்றேன். “கம்பர் சொன்னால் சரி, நீ பார்த்தாயா?” என்றான். நடுவர் அவர்களே, என் வாழ்க்கையில் எந்த வகுப்பிலும் அப்படி ஒரு கேள்வியை நான் கேட்டதில்லை.

மறுநாள் மாலை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாய்க்காலில் இறங்கினோம். முழங்கால் அளவு சேறு. எருமைகள் மூக்கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு கிடந்தன. பொழுது சாயும் நேரம் ஒன்று எழுந்து கரையேறியது, மடியில் பால் சொட்டியது. “பார்த்தாயா!” என்று குதித்தேன். அவன் ஒப்புக்கொள்ளவில்லை. “வீட்டில் கன்று கத்தியது, அந்தக் குரலுக்குச் சொட்டியிருக்கும். பாட்டில் குரல் எங்கே இருக்கிறது? நினைப்புதானே இருக்கிறது?” என்றான். உரையாசிரியர்கூட அவ்வளவு தூரம் போயிருக்க மாட்டார், ஐயா!

அடுத்த நாள் கன்றுக்குரல் எட்டாத தூரத்துக்கு, ஊர் எல்லை தாண்டி ஓட்டிக்கொண்டு போனான். நானும் போனேன். கன்றில்லை, குரலில்லை, ஆளரவமில்லை. கறவை நேரம் நெருங்கியது. ஒரு கிழட்டு எருமை தண்ணீரில் நின்றபடி ஊர் இருக்கும் திசைக்குத் தலையைத் திருப்பியது. நீரில் வெள்ளையாக ஒரு கோடு ஓடியது. அவ்வளவுதான். சேற்றோடு சேறாக என்னைக் கட்டிக்கொண்டு கத்தினான்: “கம்பர் அயோத்தியைப் பார்த்து எழுதவில்லையடா, நம் வாய்க்காலைப் பார்த்துத்தான் எழுதியிருக்கிறார்!”

இதுவா அம்மா ஊர்வம்பு?

எதிரணியினர் உ.வே.சா.வைச் சாட்சிக்கு அழைத்தார்கள். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் அவர் பாடம் கேட்டது உண்மை. அந்தப் பெருமானை நானும் வணங்குகிறேன். ஆனால் பிள்ளையவர்கள் 1876இல் மறைந்துவிட்டார். 1880இல் இதே கும்பகோணத்துக் கல்லூரிக்கு வேலைக்கு வந்த உ.வே.சா., இவ்வூர் முன்சீபாக, அதாவது நீதிபதியாக இருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போனார். சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று முதலியார் கேட்டாரே, அந்தக் கேள்வியில்தான் எல்லாம் தொடங்கியது. அது சமணக் காப்பியம். புரியாத இடங்களை இவ்வூர்ச் சமண அன்பர்களின் வீடு தேடிப் போய்க் கேட்டுத் தெளிந்தார். 1887இல் சீவக சிந்தாமணி அச்சேறியது. முன்சீபும் சமண அன்பர்களும் எந்த வகுப்பறையில் அவருக்குப் பாடம் எடுத்தார்கள்?

எனக்கு இன்னொரு நண்பர் இருந்தார். அச்சகத்தில் ஈய எழுத்துக் கோர்த்தவர். வெண்பாவில் தளை தட்டினால், அதாவது சீருக்குச் சீர் இணைப்புப் பிசகினால், அவர் கை தானாக நின்றுவிடும். எழுத்தைப் பிடித்த விரல்களோடு நிமிர்ந்து பார்த்து, “இங்கே இடிக்கிறதே, தம்பி” என்பார். செய்யுள் கட்டும் யாப்பு எனக்கு அப்படித்தான் வந்தது.

இருந்தார் என்கிறேன். ஆம், இருவருமே இன்று இல்லை.

உறையூரை ஆண்ட கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்து, அதாவது வடக்கு நோக்கி உண்ணாமல் அமர்ந்து, உயிர்விட்டான். மகன் பிறந்த பிறகு வா என்று அவன் திருப்பி அனுப்பிய நண்பர், புலவர் பொத்தியார், பிறகு திரும்பி வந்து, நடுகல்லாகிவிட்ட நண்பனிடம் தனக்கும் இடம் கேட்டார். புறநானூற்றில் அதைப் பரீட்சைக்குப் படித்தபோது எனக்குக் கண் கலங்கவில்லை. எருமைக்காரனைக் காவிரிக்கரையில் எரித்துவிட்டு வந்த இரவில் மறுபடி எடுத்துப் படித்தேன். இரண்டு வரிக்கு மேல் எழுத்துத் தெரியவில்லை. நினைத்தாலே சுரக்கும் என்பதை எனக்கு மெய்ப்பித்துக் காட்டியவன் அவன். இதோ, உங்கள் முன்னால் நின்று நினைக்கிறேன், சுரக்கிறது. நடுவர் அவர்களே, இதற்கு மேல் வாதம் என்னிடம் இல்லை, தேவையும் இல்லை.

கும்பகோணத்து மக்களே, அப்படி ஒருவன் உங்களுக்கு இன்னும் உயிரோடு இருக்கிறானா? இந்தக் கூட்டம் முடிந்ததும் நேரே வீட்டுக்குப் போகாதீர்கள். நள்ளிரவானாலும் அவன் கதவைத் தட்டுங்கள். அவன் வீட்டார் திட்டினால் திட்டட்டும். ஒரு பாட்டாவது சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டுப் போங்கள்!